அத்தை மகனின் எறும்புகள்

டாக்டர் என்னை ஒரு நடைக்குழுவில் சேரச் சொல்லி ஆறு மாதமாகிறது. கூட்டமாக நடந்தால் எடை குறையுமாம். குறையும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குறைந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

பதினோரு வயதில் நான் இருந்த இருப்புக்கு, திருவொற்றியூர் தேரடியில் ரிக்‌ஷாக்காரர்கள் என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அத்தை மகன் என்னைவிட ஒரு சுற்று பெரியவன். அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் தெரு உடற்பயிற்சிக் கூடத்து மாஸ்டர் குண்டுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு வகுப்பு தொடங்க, இரண்டு வீட்டாரும் எங்களை ஒரே நாளில் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். மொத்தம் ஒன்பது பேர். விடிந்ததும் கடலோரக் கருங்கல் தடுப்பை ஒட்டி எண்ணூர்ப் பக்கமாக ஓட்டம். திரும்பி வந்ததும் முளைகட்டிய பயறு.

சனிக்கிழமை எடை பார்ப்பது. கூடத்தில் இருந்த மெஷினை முதல் நாளே நாங்கள் பழுதாக்கிவிட்டதால், பக்கத்துக் காயலான் கடைக்குப் போவோம். பழைய இரும்பு நிறுக்கும் தராசு. சங்கிலியில் தொங்கும் தட்டில் ஒவ்வொருவராக உட்கார, எதிர்த்தட்டில் படிக்கல் ஏறும். அதிகம் இளைத்தவன் அடுத்த வார ஓட்டத்தில் முதல் ஆள். இளைக்காதவன் கடைசியில், தண்ணீர்க் கேனோடு. கேன் எனக்கு நிரந்தரமானது.

நான்காவது வாரத்திலிருந்து அத்தை மகன்தான் முதல் ஆள். பயிற்சியால் என்று சொல்ல மனம் வரவில்லை. என் பங்குப் பயறையும் அவன்தான் தின்றான். கேனில் பாதித் தண்ணீர் அவனுக்கே போயிற்று. அப்படியும் சட்டை தொளதொளவென்று ஆடியது. அனல்மின் நிலையச் சாம்பல் பறக்கும் அந்தக் காலை வெளிச்சத்தில் முன்னால் ஓடும் அவன் முதுகைப் பார்த்தால், யாரோ அவனை ரப்பரால் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டு வருவது போலிருந்தது.

காரணத்தை நான்தான் கண்டுபிடித்தேன். ஓட்டத்துக்கு முன் ஒன்பது பேரும் கூடத்தின் பின்சுவரோரம் வரிசையாக நின்று ஒன்றுக்குப் போவது வழக்கம். திரும்பி வந்து பார்த்தால் எட்டு இடம் காய்ந்திருக்கும். ஒன்பதாவது கறுப்பாக அசையும். எறும்புகள். சுவர் விரிசலிலிருந்தும் சாக்கடை மூடி இடுக்கிலிருந்தும் சாரை சாரையாக, அவன் நின்ற இடத்துக்கு மட்டும். அவன் இடம் மாற்றி நின்ற நாள்களில் அவையும் மாறி வந்தன.

"இன்னாடா இது?" என்றேன்.

அவன் என்னைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனான். "எனக்கும் தெர்ல மச்சான். தெனிக்கும் வருதுங்க. யாராண்டயும் சொல்லிடாத. மாஸ்டர் பாத்தாரு, கலீஜுன்னு தொரத்திடுவாரு. நான் வேற எதுலடா ஃபர்ஸ்ட்டு வந்துகீறேன்? இது ஒண்ணுதான்."

அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். எறும்புகள் அவன் கொழுப்பை ரகசியமாகச் சுமந்து போகின்றன என்பது என் முடிவு. அன்று மதியமே தொப்புளைச் சுற்றி வெல்லத்தைத் தடவிக்கொண்டு மொட்டைமாடியில் மல்லாந்து படுத்தேன். எறும்புகள் வந்தன, கடித்தன, போயின. கொழுப்பை யாரும் தொடவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவன் வாந்தியெடுத்தான். தெருமுனை டாக்டரிடம் அத்தை கூட்டிப்போனபோது நானும் போனேன்.

"நிறைய தண்ணி குடிக்கிறானாம்மா? அடிக்கடி ஒண்ணுக்குப் போறானா?"

"ஓடிகினு கீறான் இல்ல டாக்டரு, தாகம் எடுக்காதா? இப்பதான் புள்ள ஒரு ஆளு மாதிரி ஆயிகீறான்" என்றாள் அத்தை.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ கூடவே இருக்கியே, வித்தியாசமா ஏதாவது பார்த்தியா?"

அத்தை மகன் என்னையே பார்த்தான். கண்கள் குழிக்குள் போயிருந்தன. அவன் மூச்சில் அழுகிய பழத்தின் வாசனை.

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்றேன். என் வாழ்நாளில் நான் ஒழுங்காகக் காப்பாற்றிய ரகசியம் அது ஒன்றுதான்.

வாந்திக்கு மருந்து கொடுத்து, திங்கட்கிழமை சிறுநீர் பரிசோதனைக்கு வரச் சொன்னார். அதற்கு முன், மறுநாளே, சனிக்கிழமை வந்துவிட்டது.

ஓட முடியாது, எடை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று அடம்பிடித்து வந்தான். தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். எதிர்த்தட்டில் அவனுடைய போன வார எடைக்கு வைத்திருந்த கல்லை மாஸ்டர் எடுக்க எடுக்க, அவன் தட்டு அந்தரத்திலேயே நின்றது.

"சபாஷ்! இன்னிக்கும் நைனாதான் ஃபர்ஸ்ட்டு!"

எட்டு பேரும் கைதட்டினோம். கடைக்காரரும் தட்டினார். அவன் கண் திறக்கவில்லை. தட்டு மெல்லச் சுழன்றது. சங்கிலி வழியே ஓர் எறும்பு அவனை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்பி வரவில்லை. பிள்ளைகளுக்கும் சர்க்கரை வியாதி வரும், அது ஆளை உருக்கிவிடும், எறும்பு மொய்ப்பது அதற்கு அடையாளம் என்பதெல்லாம் எனக்கு விளங்கப் பல வருடமாயிற்று. அந்தக் காலையில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மாஸ்டர் அவனை ஒரே கையால் அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு சாலைக்கு ஓடினார். வரிசையாக நின்ற கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவன் கால்கள் ஆடிக்கொண்டே போயின. நான் கேனோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. என்னை இப்படி ஒற்றைக் கையால் ஒருநாளும் யாரும் தூக்கப் போவதில்லையே என்று பொறாமையாக இருந்தது.