இடது மூலையில் ஒரு சுருள்

அத்தான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். இருபது வருடத்தில் ஒரு படத்திலும் கைவைத்ததில்லை. நோயாளியின் சட்டைப் பொத்தான் படத்தில் விழுந்திருந்தால்கூட அழிக்க மாட்டார். மறுபடி நிற்கவைத்து எடுப்பார். வீட்டுக்கு வந்தால் மொட்டைமாடியும் தொலைநோக்கியும்தான். ஒரே விண்மேகத்தை ஆறு இரவு எடுத்து, நூற்றுக்கணக்கான படங்களை அடுக்கி ஒன்றாக்குவார். அக்கா அந்தத் தொலைநோக்கிக்கு வைத்த பெயர் 'சின்ன வீடு'.

வானியல் மன்றம் அவருடைய சிவப்பு விண்மேகத்தைக் கண்காட்சியின் முகப்புப் படமாகத் தேர்ந்தெடுத்ததிலிருந்து அவர் ஓரிடத்தில் உட்காரவில்லை. ஃப்ரிட்ஜைத் திறப்பார், எதுவும் எடுக்காமல் மூடுவார். மடித்த சட்டையை உதறி மறுபடி மடிப்பார். சந்தோஷம் என்று நினைத்தோம்.

ஞாயிறு மதியம் பஸ் டிரைவர் வந்தார். மன்றத்துக்காரர். அத்தானும் அவரும் ஒரே நாளில் ஒரே மாதிரித் தொலைநோக்கி வாங்கியவர்கள். அவர் அதைக் குழாய் என்பார்.

"எக்ஸ்ரே, என் குழாய வித்துடலாம்னு இருக்கேன். நாளைக்கு ஒருத்தர் வந்து எடுத்துக்கறாராம்."

"ஏன்?"

"உன் படத்துல இடது மூலைல புகை மாதிரி ஒரு சுருள் இருக்கே, மூணு வாரமா எடுத்துப் பாக்கறேன், எனக்கு விழவே மாட்டேங்குது. ரெண்டு குழாயும் ஒண்ணுதான். அப்ப கோளாறு என் கண்ணுல. நாப்பது பேர ஏத்திக்கிட்டு ஓட்டற கண்ணு."

தண்ணீர் கொண்டுவர உள்ளே போன அத்தான் காலி டம்ளரோடு திரும்பினார்.

டிரைவர் போனதும் என்னை உட்காரவைத்து மூலப் படத்தைத் திறந்தார். இடது மூலையில் சுருள் இல்லை. பொட்டளவு கறுப்பு வட்டம்.

"தூசி, மச்சான். கேமராவுக்குள்ள."

விடிந்ததும் தொலைநோக்கியின் வாயில் வெள்ளை பனியனை இழுத்துக் கட்டிச் சில படங்கள் எடுக்க வேண்டும். அதில் தூசியின் நிழல் மட்டும் விழும், கணினியில் கழித்துவிடலாம். இந்தப் படம் எடுத்து முடித்த அன்று டியூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று கேமராவைக் கழற்றிவிட்டார். அந்தக் கறுப்பு வட்டத்தை மறைக்க, வலப்பக்க மேகத்திலிருந்து ஒரு துண்டை நகலெடுத்து, திருப்பி ஒட்டியிருக்கிறார். அதுதான் சுருள்.

வாசற்படியில் நின்ற அக்கா கேட்டாள்: "கலரும் நீங்க ஏத்தினதுதானே? அதுக்கு மட்டும் தூக்கம் வருதாக்கும்?"

"அது இருக்கறதத் தூக்கிக் காட்டறது. இது இல்லாதத ஒட்டினது."

"சொன்னா முகப்புல இருந்து எடுத்துடுவாங்க."

"எடுத்துடுவாங்க."

"சொல்லலன்னா அவர் குழாய் போயிடும்."

அத்தான் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டு, மடிக்கணினியை என் கையில் கொடுத்து டிப்போவுக்கு அழைத்துப்போனார். புறப்பட இருந்த பஸ்ஸில் ஏறி மூலப் படத்தையும் ஒட்டிய படத்தையும் காட்டினார். டிரைவர் மாற்றி மாற்றிப் பார்த்தார். விரல்கள் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தன.

"அப்ப என் கண்ணு?"

"நல்லாருக்கு. உன் படம்தான் சரி."

"கண் டாக்டரப் பாக்கச் சீட்டு வாங்கிட்டேன்யா." பிறகு, "ஆஸ்பத்திரில எத்தன பேருக்கு இப்படி விலா எலும்பு ஒட்டின?"

"அங்க ஒட்டினதில்ல."

"இங்க மட்டும் என்ன, கேக்கறதுக்கு நோயாளி இல்லன்னா?"

டிரைவர், குழாயை வாங்க வருபவரைப் போனில் அழைத்து, அது விற்பனைக்கு இல்லை என்றார். போனை வைத்ததும், "மன்றத்துக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அத்தான் அங்கேயே செயலாளரை அழைத்தார். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். விசில் கேட்டது, வண்டி நகர்ந்தது, அத்தான் இறங்கவில்லை, கம்பியைப் பிடித்தபடி போனைக் காதில் வைத்திருந்தார்.

இரண்டு நிறுத்தம் தாண்டியபின் எடுத்தார்கள். "சார், அந்த முகப்புப் படம்..." என்று ஆரம்பித்தார்.

கண்டக்டர் என்னிடம் எங்கே என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கடைசி நிறுத்தத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன்.