எங்கள் அணியின் இரகசிய மொழி

சுவிஸின் ஷாஃப்ஹவுசனில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் உதைபந்தாட்ட அணிக்கு நான் பயிற்றுநர் ஆனது, பழைய பயிற்றுநர் ஜெனீவாவில் வேலை கிடைத்துத் திடீரென்று போய்விட்டதால்தான். கோடைகாலத் தமிழ்ச் சுற்றுப்போட்டிகளில் ஓடியோடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவன் நான். ஓட முடியாதவன் கத்தவாவது செய்யலாம் என்று பயிற்றுநர் படிப்பை முடித்து வைத்திருந்தேன். கல்லூரியின் விளையாட்டுப் பிரிவுத் தலைவி சிரிப்பில் மகா சிக்கனக்காரி. "ஒரு பருவம் பார்ப்போம். கடைசி ஆட்டம் முடிந்ததும் முடிவு சொல்கிறேன்" என்றார். அந்த வேலை எனக்கு வேண்டும். கணினிக்கு முன்னால் கழிந்த என் பகல்களில் ஒருநாளும் வியர்த்ததில்லை, கோபம்கூட வந்ததில்லை.

மைதானத்தில் வந்தது. வந்த கோபம் தமிழில் வந்தது. முதல் ஆட்டத்திலேயே எல்லைக்கோட்டில் நின்று, "இஞ்சால அடியடா, இஞ்சால!" என்று கத்திவிட்டேன். என் பெடியள் எல்லோரும் சுவிஸ்காரர்கள். திகைத்து நின்றார்கள். ஆனால் எதிரணியும் திகைத்து நின்றது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

அடுத்த வாரமே பாடம் தொடங்கிவிட்டது. என் பக்கம் என்றால் 'இஞ்சால'. மறுபக்கம் என்றால் 'அங்கால'. முன்னேறியது போதும் என்றால் 'பின்னுக்கு வா'. பெடியளுக்கு ஒரே குஷி. பருவம் முழுக்க எதிரணிகள் முழிக்க, நாங்கள் வென்றுகொண்டே போனோம். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, மறுக்கவில்லை.

கடைசி ஆட்டம் ஓர்லிகோனில். தொடங்குவதற்கு முன், கம்பளித் தொப்பி போட்ட ஒரு தமிழ் அம்மா பெரிய பையோடு என்னிடம் வந்தார்.

"தம்பி, ஊரில நீங்கள் எவடம்?"

சொன்னேன்.

"அட, எங்கட பக்கம்தான்!"

தமிழ்ப் பயிற்றுநரைப் பார்க்கவென்றே வந்திருக்கிறார் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கியது. "அங்கால!" என்றேன். பந்து போய்ச் சேர முன்னமே எதிரணித் தலைவன் அங்கே நின்றான். மஞ்சள் முடி, நெடுத்த உருவம். "பின்னுக்கு வா!" என்றேன். அவன் சிரித்துக்கொண்டு முன்னுக்கு ஏறினான். இரண்டு கோல் வாங்கினோம். என் பெடியளுக்குக் காது கேட்கவில்லையாக்கும் என்று இன்னும் பலமாகக் கத்தினேன். புத்திசாலித்தனத்தின் உச்சம்!

இடைவேளையில் அந்த அம்மா வீட்டில் பொரித்த ரோல்ஸ் பெட்டியோடு எங்கள் பக்கம் வந்தார். "பெடியள் களைச்சுப் போச்சினம். எடுங்கோ." பின்னாலேயே மஞ்சள் முடிக்காரனும் வந்து ஒன்றை எடுத்தான்.

"இவர்தான் எங்கட மருமகன். வாற வருசம் மகளைக் கலியாணம் முடிக்கிறார்."

"வணக்கம் அண்ணை" என்றான் அவன். "மாமி வீட்டில தமிழ்தான் கதைக்கிறது. நீங்கள் சொல்லுறது எல்லாம் நல்லா விளங்குது."

பாதி கடித்த ரோல்ஸைப் பெட்டிக்குள்ளேயே திருப்பி வைத்தேன்.

புதிய மொழி படிப்பிக்க நேரமில்லை. "இனி ஜெர்மனில் பேசி விளையாடுங்கள்" என்று பெடியளிடம் சொல்லிவிட்டு மைதான ஓரத்து வாங்கில் போய்க் குந்தினேன். எதிர்ப்பக்கத்தில் விளையாட்டுப் பிரிவுத் தலைவி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். வேலை போனது போனதுதான். எனக்கு அழுகை வரப் பார்த்தது.

அப்போது யாரோ, "இஞ்சால!" என்று கத்தினார்கள். சத்தியமாக நான் இல்லை. எங்கள் கோல் காப்பாளன். "அங்கால! அங்கால!" என்றான் இன்னொருவன். ஆட்டச் சூட்டில் அவர்களுக்கு ஜெர்மன் வரவில்லை! எல்லோரும் ஒரே நேரத்தில் கத்த, எதைக் கேட்பதென்று தெரியாமல் மஞ்சள் முடிக்காரன் நடு மைதானத்தில் நின்று சிரித்தான். அந்த இடைவெளியில் ஒரு கோல் போட்டோம். அதோடு சரி. தோற்றுவிட்டோம்.

தலைவி என்னிடம் வந்தபோது நான் எழுந்து ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அடுத்த பருவமும் நீங்கள்தான்" என்றார்.

"தோற்றுவிட்டோமே?"

"வேறு யாரைக் கொண்டுவருவது?" என்று சிரிக்காமலே கேட்டார். "இவர்களோடு பேச இனி ஜெர்மன் போதாதே."