நான் வரைந்து சேர்த்த கொம்பு

நாய், பூனை, மாடு என்று யார் போட்டோ அனுப்பினாலும் டேப்லெட்டில் ஓவியமாக மாற்றிக் கொடுப்பது என் வேலை. அன்னவாசல் பக்கம் எங்கள் ஊரில், பக்கத்து வீட்டு ராணி அக்காவின் ஜல்லிக்கட்டுக் காளை கருப்பனையும் வரைந்து கொடுத்தேன். அதன் இடது கொம்பு நுனி ஒடிந்திருக்கும். பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று படத்தில் முழுசாக்கிவிட்டேன்.

இந்தத் தை மாதம் வாடிவாசலைத் தாண்டி ஓடிய கருப்பன் வீடு திரும்பவில்லை. தேடச் சொல்லி அக்கா எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பியது என் ஓவியத்தைத்தான். மறுநாளும் தகவல் இல்லை. "எவனாச்சும் லாரியில ஏத்திருப்பானோ" என்று அக்கா வாசலுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

சாயங்காலம் அக்காவின் போனில் ஒரு விவசாயி பேசினார்; ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "எங்க கொல்லையில நேத்துலேருந்து ஒரு காளை நிக்குதுங்க. படத்தைப் பார்த்துட்டு ஒங்களது இல்லைன்னு விட்டுட்டேன். இதுக்கு எடது கொம்பு மொட்டை. வேற யாரும் மாட்டைத் தேடுறாங்களா?"

நல்லவேளை, பழைய போட்டோவை அழிக்காமல் வைத்திருந்தேன். உடனே அவருக்கு அனுப்பினேன்.

"இதேதாங்க. வந்து புடிச்சுட்டுப் போங்க" என்றார்.

கருப்பனைக் கொண்டுவந்து கட்டிய பிறகும் அக்கா என்னைத் திட்டவில்லை. "கொம்ப ஒடச்சு வேற படம் வரஞ்சு குடு" என்று மட்டும் சொன்னார்.

இப்போது எந்தப் பிராணியை வரைந்தாலும், அதன் தழும்பையோ கிழிந்த காதையோதான் முதலில் வரைகிறேன். அழகெல்லாம் அதற்கு அப்புறம்தான்.