வெளித்தாழ்ப்பாள்

பாளையங்கோட்டையில் நான் தையல் சொல்லிக்கொடுத்த கட்டடத்தை ஊரில் கஞ்சித்தொட்டி என்பார்கள். பஞ்சகாலத்தில் வந்து சேர்ந்த ஏழைகளை அங்கே அடைத்துவைத்து, கயிறு திரித்தால்தான் கஞ்சி ஊற்றினார்களாம். பிறகு அது நெல் கிட்டங்கியானது. கொஞ்சகாலம் பள்ளிக்கூடம். கடைசியில் எங்கள் தையல் வகுப்பு. கதவை மட்டும் யாருமே மாற்றவில்லை. உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. வெளியே ஓர் இரும்புப் பட்டை. வகுப்பு நேரத்தில் அது விழாதபடி தூக்கிக் கம்பியில் மாட்டிவைப்போம். ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே, கம்பி போட்டு. பட்டையை எடுத்துவிடச் சொல்லி, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அரசாங்க ஆபீஸில் இரண்டுமுறை எழுதிக் கொடுத்தேன். பழைய கட்டடம், எதையும் தொடக்கூடாது என்றார்கள்.

ஆடிமாதம், மத்தியானம் மூன்று மணி இருக்கும். பதினோரு பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். காற்று கதவை அறைந்து சாத்தியது. வெளியே பட்டை கம்பியிலிருந்து நழுவி விழுந்து மாட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. முதலில் எல்லோரும் சிரித்தோம்.

கொஞ்ச நேரத்தில் சுவிட்ச் போர்டு புகைந்தது. பொறி தெறித்துக் கீழே கிடந்த வெட்டுத்துணி பற்றிக்கொண்டது. ஒருத்தி தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள்.

"ஊத்தாத! கரண்ட்டு இருக்கு!" என்று கத்தினேன். மெயின் சுவிட்ச் வெளியே வராந்தாவில்.

தச்சநல்லூரிலிருந்து வரும் ஒருத்திக்கு ஏழாம் மாசம். "அக்கா, மூச்சு முட்டுது" என்றாள். கதவின் அடியில் இருந்த இடுக்கில் முகம் வைத்துப் படுக்கச் சொன்னேன். வெட்டுமேசையை ஜன்னலுக்கு இழுத்து மேலே ஏறினேன். பக்கத்து வாழைக்காய் மண்டியில் ஒருவர் தார் இறக்கிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி! அண்ணாச்சி!" காற்று என் குரலை எங்கேயோ கொண்டுபோனது. கையில் கிடைத்த சிவப்புத் துணிச்சுருளைக் கம்பி வழியே உருவி விட்டேன். அது படபடத்ததும்தான் நிமிர்ந்து பார்த்தார்.

ஓடிவந்தவரிடம் முதலில் மெயினை அணைக்கச் சொன்னேன். அணைத்தார். உள்ளே குடத்துத் தண்ணீரைக் கொட்டினோம். தீ அடங்கியது, புகை அடங்கவில்லை.

"பட்டை இறுகிக் கெடக்கு தாயி. தள்ளி நில்லுங்க, கல்ல வச்சு அடிக்கேன்."

ஒவ்வொரு அடிக்கும் கதவு அதிர்ந்தது, திறக்கவில்லை. எத்தனையாவது அடியில் திறந்ததோ தெரியாது. அந்தப் பெண்ணை இருவராகத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தோம்.

மறுநாள் பேட்டையிலிருந்து வெல்டரைக் கூட்டிவந்து பட்டையை அறுத்தேன். அனுமதியின்றிச் செய்ததற்கு விளக்கம் கேட்டு ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. பட்டை போன பிறகும் ஒருத்திகூட உள்ளே நுழையச் சம்மதிக்கவில்லை. அந்தப் பெண்ணைத் தச்சநல்லூருக்குப் போய்ப் பார்த்தேன். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"வேற எங்கன வச்சாலும் வாரேன்க்கா. அங்கன வேண்டாம்" என்றாள்.

வகுப்பு நடத்தப் பேட்டையில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்தோம்.