மிளகாய்த் தோட்டத்து மிசினும் சாட்சியாகிய நானும்

என் வீட்டுப் பொருளை நீதிமன்றத்தில் எனக்கே அடையாளம் காட்டத் தெரியவில்லை. களவு போனது ஊசியோ பேனையோ என்றால் மன்னிக்கலாம். போனது, ஜெயபுரத்தில் எங்கள் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் மிசின். ஏழு வருடமாக நான் புத்தகம் வாசிக்கிற சன்னலுக்கு வெளியேதான் அது இருமிக்கொண்டு கிடந்தது.

முறைப்பாடு எழுதிய பொலிஸ்காரர், "சேர், ஏதும் அடையாளம் இருக்கோ?" என்று கேட்டார். நாலு எழுத்துப் படித்தவன் என்று காட்ட இதைவிட நல்ல இடம் வாய்க்குமா? "நீல நிறம். இடப்பக்கம் பிறைநிலா வடிவத்தில் ஒரு கீறல்," என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பக்கத்தில் இருந்த மனைவி வாயெடுத்தாள். கையால் அமர்த்திவிட்டேன். கடைசியில் மரியாதைக்கு அவளிடமும் இரண்டு வரி எழுதிக்கொண்டார்கள்.

பத்தாம் நாள் ஒருவரின் வீட்டிலிருந்து மிசினைக் கைப்பற்றி, இலக்கத் துண்டு கட்டி, சான்றுப் பொருளாக நீதிமன்றத்தில் ஒப்படைத்தார்கள். அந்த ஆளோ அது தன்னுடையது என்று ஒற்றைக்காலில் நின்றார். விசாரணை வரும்வரை மனைவி காலையும் மாலையும் வாளியால் அள்ளி ஊற்றினாள். நானும் உதவினேன், இரண்டாம் நாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. பாதிக் கன்றுகள் தலை சாய்ந்துவிட்டன. மிசின் எங்களுடையது என்று காட்டாவிட்டால் மீதியும் போய்விடும்.

விசாரணை அன்று மிசினைத் தரையில் கொண்டுவந்து வைத்தார்கள். அது சிவப்பு.

அந்த ஆளின் சட்டத்தரணி வெகு பணிவாகக் கேட்டார்: "சாட்சி, அந்தப் பிறைநிலாவை ஒருக்கால் காட்டுவீங்களோ?"

இரண்டு தரம் சுற்றி வந்தேன். குனிந்தும் பார்த்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. நீல நிறமும் பிறைக் கீறலும் எங்கள் பிரிஜ்ஜில் இருப்பவை. வீட்டில் நான் தவறாமல் போய்ப் பார்க்கிற மிசின் அது ஒன்றுதான்.

அடுத்து மனைவியைக் கூப்பிட்டார்கள். அவள் மிசின் பக்கம் திரும்பவே இல்லை.

"ஓடேக்க துள்ளுமய்யா. அதால அடியில நாலு காலுக்கும் றப்பர் வெட்டிப் பூட்டினனான். இவரின்ர பழைய செருப்பில வெட்டினது."

"செருப்பு ஊரில எல்லாரிட்டையும்தானே இருக்கு?" என்றார் சட்டத்தரணி.

"ஓம், இருக்கு. வெட்டின மிச்சம் என்னட்டத்தான் இருக்கு." கடைப்பையிலிருந்து ஒற்றைச் செருப்பை எடுத்து நீட்டினாள். ஆறு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த செருப்பு.

நீதவான் மிசினைச் சரிக்கச் சொன்னார். செருப்பின் வெட்டுவாயில் றப்பர் துண்டுகளைப் பிடித்துப் பார்த்தார்கள். அடிப்பக்கத்துக் கோடுகள் ஒன்று பிசகாமல் பொருந்தின. அந்த ஆள் தன் சட்டத்தரணியைப் பார்த்தார். சட்டத்தரணி தன் கோப்பைப் பார்த்தார்.

செருப்பும் சான்றுப் பொருளாகிவிட்டது. மிசினைப் படம் எடுத்துக்கொண்டு, வழக்கு முடியும்வரை விற்கக் கூடாது, கேட்டால் கொண்டுவர வேண்டும் என்று மனைவியிடம் பிணைமுறியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதைப் பிணையில் விட்டார்கள். பின்னேரமே மிளகாய்க்குத் தண்ணீர் பாயும் என்ற நினைப்பில் எனக்குக்கூட முகம் மலர்ந்திருந்தது.

மிசினை ஓட்டோவில் தூக்கி வைக்கக் கைகொடுத்த பொலிஸ்காரர் சிரித்தார். "சேர், களவு போனது நீங்களா இருந்தா, அம்மா எவ்வளவு வடிவா அடையாளம் காட்டியிருப்பா!"

"காட்டியிருப்பன் தம்பி," என்றாள் மனைவி. "பிணையில எடுத்திருப்பனோ தெரியாது."