செவலையைக் கேட்ட துரை

இங்கிலீஷில் ‘தேர்ந்தெடு’ என்பதற்கு ஐந்து சொற்கள் இருக்கின்றன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் தாய்மாமா. பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையில் கணக்கில் மட்டும் தோற்றுவிட்டு, வேலை கிடைக்கும்வரை என்று கோம்பையில் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். பொம்பளைப் பிள்ளைக்கு இங்கிலீஷ் எதற்கு என்று அப்பா கேட்டபோது, “சும்மா கெடக்குற வாய்க்கு ஒரு சோலி வேணும்ல மச்சான்” என்றார். யாருடைய வாயைச் சொன்னார் என்று தெரியவில்லை.

ஜவுளிக்கடையில் எல்லாப் புடவையையும் பிரித்துப் போடச் சொல்லி அம்மா ஒன்றை எடுத்தால் அது சூஸ். பட்டாளத்துக்கு நெஞ்சளவு பார்த்து ஆள் எடுத்தால் செலக்ட். மலைத்தோட்டத்தில் பழுத்த காயாகப் பார்த்து ஏலக்காய் எடுப்பது பிக். ஊர் கூடி ஒருவரைத் தலைவராக்கினால் எலெக்ட். அதை மனிதருக்குத்தான் சொல்லலாம், கத்தரிக்காய்க்குச் சொல்லக் கூடாது. கடைசிச் சொல் பிரிஃபர். இதைவிட அது மேல் என்று நினைப்பது. அதற்குப் பின்னால் ‘டு’ வர வேண்டும். ‘பெட்டர் தேன்’ மாதிரி ‘தேன்’ என்று சொன்னால் காதைத் திருகுவார்.

அப்பா மலைமேல் இருந்த ஒரு தோட்டத்துக்கு அரிசி மூட்டை ஏற்றும் வண்டிகளை விட்டுக்கொண்டிருந்தார். சீமையிலிருந்து அங்கே புதிதாக வந்திருந்த துரைக்குக் கோம்பை நாய் ஒன்று வேண்டும் என்று அவர் காதுக்கு எட்டியது. எங்கள் நாய் செவலை நான்கு குட்டி போட்டிருந்த சமயம். துரையை வீட்டுக்கே வரவழைத்து, மாமாவின் இங்கிலீஷை அவர் காதில் விழ வைத்துவிட்டால், தோட்டத்து ஆபீசில் மாமாவுக்கு ஒரு நாற்காலி கிடைத்துவிடும் என்பது அப்பாவின் கணக்கு. மாமாவும் ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று ‘குட் மார்னிங் சார்’ பழகினார்.

செவலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கருத்த மூஞ்சி, ஒரு காது கிழிந்திருக்கும். முந்தின வருஷம் கொல்லையில் காட்டுப்பன்றி அம்மாவை நோக்கிப் பாய்ந்தபோது குறுக்கே விழுந்து மறித்ததில் கிழிந்த காது அது. அதன் பிறகு அம்மா எங்கே போனாலும் செவலையும் கூடப் போகும்.

துரை வந்தார். டிரைவர், மோட்டாரைச் சூழ்ந்த பிள்ளைகளை விரட்டிக்கொண்டு தெருமுனையிலேயே நின்றுவிட்டார். நால்வரும் வாசலில் நின்றோம்: துரை, அப்பா, மாமா, நான். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். அப்பா குட்டிகளைக் குளிப்பாட்டிச் சாக்கின் மேல் விட்டிருந்தார். துரை குட்டிகளை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் செவலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் கிழிந்த காதைத் தொட்டார். “ஐ பிரிஃபர் த மதர் டு த பப்பீஸ்” என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிரிஃபர் வந்தது, பின்னால் டு வந்தது, எல்லாம் முறையாக வந்தது.

அப்பா மாமாவைப் பார்த்தார். “என்ன சொல்றாக?”

மாமா கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பினார். பிறகு, “தாயை விடக் குட்டிதான் பிடிச்சிருக்காம் மச்சான். அந்தக் கருமூஞ்சிக் குட்டியைக் கேக்குறாக” என்றார்.

“செவலையைத்தான கையக் காட்டுறாக?”

“குட்டிக்கு இதுதான் தாயான்னு கேக்குறாக.”

நான் வாயைத் திறந்தேன். மாமாவின் கை என் உச்சந்தலையில் வந்து அழுத்தியது. “ஆத்தா, உள்ள போயி சாருக்கு இளநி கொண்டா, ஓடு.”

நான் இளநீரோடு திரும்பியபோது துரை முகம் சிவந்து, “த மதர், மேன், த மதர்!” என்று கத்திக்கொண்டிருந்தார். மாமா கைகட்டிக் குனிந்து, “யெஸ் சார், மதர் சார், பப்பி சார். பிளீஸ் எலெக்ட் சார்!” என்று கருமூஞ்சிக் குட்டியை அவர் நெஞ்சில் அழுத்தினார். குட்டி அவர் தாடையை நக்கியது. துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எலெக்ட்!” என்று திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார். இளநீரைக் குடித்துவிட்டுக் குட்டியோடு மோட்டாரில் ஏறினார். போகும்போது மாமாவைக் காட்டி அப்பாவிடம் ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார். இந்த ஆளுக்கு இங்கிலீஷ் வராது என்பதுதான் அதன் பொருள் என்பதைப் புரிந்துகொள்ள அப்பாவுக்கு யாரும் தேவைப்படவில்லை.

மோட்டார் மறைந்ததும் அப்பா மாமாவைப் பிடித்துக்கொண்டார். “இம்புட்டு வருசம் படிச்சுக் கிழிச்சது இதுதானா மாப்ள? ஒரு வேலை, கைக்கு வந்த வேலை!” தெருவே கேட்டது. மாமா சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். “மாமா தப்பாச் சொல்லிட்டாகப்பா. துரை கேட்டது செவலையை. பிரிஃபர்னா எனக்குத் தெரியும்.”

அப்பாவின் கை சோற்றில் நின்றது. மாமா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அகப்பையோடு அசையாமல் நின்றாள். அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சின்னப் புள்ளைக்கு என்ன இங்கிலீசு தெரியும்?” என்றார். பிறகு அம்மாவிடம், “மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து” என்றார்.

அதன் பிறகும் பல வருஷம், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மைத்துனனின் இங்கிலீஷைச் சொல்லிச் சிரிப்பது அப்பாவுக்கு வழக்கமாக இருந்தது. மாமா கம்பத்தில் ஒரு ஏலக்காய் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கதையை அப்பா சொல்லும்போது மாமாவும் கூடச் சிரிப்பார்.

அன்றைக்கு நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். அழுகையாக வந்தது. இந்த வீட்டில் இங்கிலீஷ் புரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.