ஒன்றாம் எண் கூண்டும் ஒரு கடல் நாவலும்

பிற்பகல் மூன்று பத்துக்கு, கைபேசியில் கப்பல்கள் போகும் இடத்தைக் காட்டும் செயலியில் அந்தப் பச்சைப் புள்ளி நின்றது. மகள் பயிற்சி அதிகாரியாக இருக்கும் சரக்குக் கப்பல்தான் அந்தப் புள்ளி. குஜராத்தில் புறப்பட்டு ஆப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. காலையில் நான் அனுப்பிய செய்திக்கும் ஒற்றை டிக்தான். அதே நேரம் கடைத் தொலைக்காட்சியில் சொன்னார்கள்: தூத்துக்குடி துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியாயிற்று.

நான் மளிகைக் கடைக்காரன். பி.காம். படித்தவன். பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் குடும்பத்துக்குக் கடல் என்பது வெங்காய மூட்டை தோணியேறும் இடம், அவ்வளவுதான். மகள் பேசுவது புரியட்டும் என்றுதான் அவள் அலமாரியில் விட்டுப்போன பாய்மரக் காலத்து நாவலை எடுத்தேன். அன்று சரியாகப் புயல் அத்தியாயத்தில் இருந்தேன். பாய்மரம் சாயும் இடத்தில் புத்தகத்தை மூடினேன். நான் படிக்காவிட்டால் கப்பல் மூழ்காது என்று உண்மையாகவே தோன்றியது. பிள்ளை திரும்பி வரட்டும், இனி அனுப்புவதில்லை என்றும் முடிவு செய்தேன்.

பருப்பு வாங்க வந்த பெண் என்னைப் பார்த்தாள். அவள் கணவன் மாலத்தீவுக்குப் போகும் சரக்குத் தோணியில் வேலை செய்பவன்.

“என்ன அண்ணாச்சி, பேயறஞ்ச மாதிரி நிக்கிய?”

புள்ளியையும் கூண்டையும் சொன்னேன்.

“பிள்ள எங்கன போவுது?”

“ஆப்பிரிக்கா.”

“புயலு அந்தமான் பக்கம்லா நிக்கி! ஒங்க கடை வாசல்ல தண்ணி தேங்குனா கோயம்புத்தூர்ல குடை பிடிப்பாவளா?”

“புள்ளி நின்னுட்டுதேம்மா...”

“கரையத் தாண்டிட்டா செல்லுக்குச் சிக்காது. எங்க வீட்டு ஆளு போனா நாலு நாளு சத்தமே இருக்காது. நான் என்ன ஒங்கள மாதிரி தராசப் பிடிச்சிக்கிட்டேவா நிக்கேன்? பருப்பப் போடுங்க.”

அவள் போனதும் புத்தகத்தைத் திறந்தேன். பாய்மரம் முறிந்தது, கப்பல் மூழ்கவில்லை. ஆட்கள் இரண்டு நாள் விடாமல் தண்ணீரை இறைத்து வெளியேற்றினார்கள். அவ்வளவு பெரிய நாவலில் கரையில் காத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். தராசை எடுத்து, அடுத்து வந்தவருக்குச் சரியாக எடை போட்டேன்.

நான்காம் நாள் இரட்டை டிக் விழுந்தது. கப்பலில் வைஃபை கெட்டுப்போயிருந்ததாம்.

அதன் பிறகும், இனி அனுப்புவதில்லை என்ற பேச்சை எப்படித் தொடங்குவது என்று மூன்று மாதம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். மாதப் பருப்புக்கு அந்தப் பெண் வரும்போதெல்லாம் அது பாதியில் நின்றுவிடும்.

ஒரு ஞாயிறு மதியம் கடை வாசலில் ஆட்டோ நின்றது. மகள் இறங்கினாள். முகம் கறுத்து, தோள் அகன்றிருந்தது.

“முறைக்காதீங்கப்பா. ரெண்டு மாசத்துல அடுத்த கப்பல். இந்தத் தடவ சத்தம் இல்லேன்னா கம்பெனிக்கு ஒரு நாளைக்கு எட்டு தடவ போன் போடாதீங்க. கேப்டன் என்னயக் கூப்பிட்டு, ‘ஒங்கப்பாவயும் சேத்து ஏத்திருவமா’ன்னு கேக்காரு.”